டிராப்அவுட் வோல்டேஜ்: ‘பிடிவிடு மின்னழுத்தம்’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். மின்னழுத்தத்தை மாறாமல் வைத்திருக்கும் ரெகுலேட்டருக்கு, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இடையே தேவைப்படும் குறைந்தபட்ச வேறுபாடுதான் ‘டிராப்அவுட் வோல்டேஜ்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த கருத்துகளுக்குப் பதில் இது.

> டிராப் என்றால் வீழ்ச்சிதானே? ‘வீழ்ச்சி மின்னழுத்தம்’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, இதற்கு என்னால் உடன்பட முடியவில்லை. மின்தடையின் இரு முனைகளுக்கிடையே ஏற்படுவது மின்னழுத்த வீழ்ச்சி என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். அதே சொற்களை முன்பின்னாக மாற்றிப்போட்டால் மாணவர் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார். 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசிக்கு 12 வோல்ட் கொடுத்தால் 5 வோல்ட் வெளியே வரும், மீதி 7 வோல்ட் ஐசியின் மேல் விழும். அந்த 7 வோல்ட்தான் வீழ்ச்சி. டிராப்அவுட் என்பது வேறு, 7805-க்கு அது ஏறத்தாழ 2 வோல்ட். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இடையே அந்த 2 வோல்ட்டாவது இருக்கும்வரை ரெகுலேட்டர் 5 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குக் கீழே போனால் பிடி விட்டுவிடும், உள்ளே வருவது குறையக் குறைய வெளியே போவதும் கூடவே இறங்கும்.

அதனால் என் பரிந்துரை ‘பிடிவிடு மின்னழுத்தம்’. உருகு இழை, ஏவுகணை போல வினைத்தொகையாக நிற்கும். பல தரவுத்தாள்கள் வெளியீடு தன் வழக்கமான அளவிலிருந்து 100 மில்லிவோல்ட் குறையும் இடத்தைத்தான் டிராப்அவுட் என்று அளக்கின்றன. ரெகுலேட்டர் பிடியை விடும் புள்ளி அதுதான்.

புதிதாகப் பவர் சப்ளை கட்டுகிறவர்கள் வழுக்குகிற இடமும் இதுவே. 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜ், 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, அதன்பின் 7805 என்று வையுங்கள். உச்ச அளவு 8.5 வோல்ட். பிரிட்ஜில் இரண்டு டையோடுகளுக்கு 1.4 போனால் 7.1. சுமை இல்லாதபோது அளந்தால் வெளியே அழகாக 5 வோல்ட் காட்டும். 300 மில்லியாம்பியர் இழுத்துப் பாருங்கள். இரண்டு உச்சங்களுக்கு நடுவே 10 மில்லிநொடி இருக்கிறது, அதற்குள் மின்தேக்கி 2 வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். பள்ளத்தில் 5 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் ஐசிக்குள் போகிறது. நொடிக்கு 100 முறை ரெகுலேட்டர் பிடியை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால், அதில் கொஞ்சம் குறைந்தாற்போலத் தெரியும், அவ்வளவே. ஆடியோ சுற்றாக இருந்தால் உறுமும், மைக்ரோகன்ட்ரோலராக இருந்தால் அடிக்கடி ரீசெட் ஆகும். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மராக மாற்றினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். ஏன் தீர்ந்தது என்று மாணவருக்கு விளக்க ‘வீழ்ச்சி’ உதவாது, ‘பிடிவிடு’ உதவும்.

> எல்டிஓ-வை என்ன செய்வது?

எல்டிஓ என்பது லோ டிராப்அவுட் ரெகுலேட்டர், டிராப்அவுட் குறைவாக உள்ள வகை. அதற்கு ‘தாழ் பிடிவிடு சீரமைப்பி’. சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் எல்டிஓ என்றே கேட்டு வாங்கட்டும், அதில் தவறில்லை. பாடம் எழுதுகிறவருக்குத்தான் முழுப்பெயர் வேண்டியிருக்கிறது. 7805-இன் உள்ளே மின்னோட்டத்தைக் கடத்துவது என்பிஎன் டிரான்சிஸ்டர், அதை ஓட்டுவது இன்னொன்று. இரண்டுக்கும் பேஸ்-எமிட்டர் 0.7 வீதம், அதற்கும் மேல் கொஞ்சம் என்று 2 வோல்ட் தேவைப்படுகிறது. ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டரில் அது 1.1 வோல்ட் அளவுக்கு வந்துவிடுகிறது. என்பிஎன்னுக்குப் பதிலாகப் பிஎன்பி டிரான்சிஸ்டர் வைத்த எல்எம்2940-இல் 1 ஆம்பியருக்கு அரை வோல்ட்தான். ‘தாழ்’ என்ற அடை இந்த வரிசையில் சரியாகப் பொருந்துகிறது.

அண்ணா ஒருவர் ‘குறைந்தபட்ச உள்-வெளி வேறுபாடு’ என்று எழுதியிருந்தார். பொருள் துல்லியம், ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் வைத்துப் புழங்க நீளம்.

எனக்கு இந்தச் சொல் பிடித்ததற்கு இன்னொரு காரணம், மின்னோட்டக் கட்டுப்பாட்டுக்கும் இதே வேர் செல்லும். எல்எம்317 என்ற ரெகுலேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அட்ஜஸ்ட் முனைக்கும் நடுவே 62 ஓம் வைத்தால், அதன் மேல் 1.25 வோல்ட் நிற்கும், 20 மில்லியாம்பியர் மாறாமல் ஓடும். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் இதை வைத்து மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக எரிக்கலாம். எல்இடிகளுக்கு 9.6 வோல்ட், மின்தடைக்கு 1.25, ஐசிக்கென்று ஒன்றரைக்குச் சற்று மேல். முழு சார்ஜில் 12.7 இருக்கும்போது மயிரிழையில் தாக்குப்பிடிக்கும். 12.4-க்குக் கீழே இறங்கியதும் மின்னோட்டத்தின் பிடி விட்டு விளக்கு மங்கத் தொடங்கும். ஆங்கிலத்தில் இங்கே டிராப்அவுட்டை விட்டுவிட்டு, ‘கம்ப்ளையன்ஸ்’ என்று தொடர்பே இல்லாத வேறொரு சொல்லுக்குப் போய்விடுகிறார்கள். நாம் ‘பிடி வரம்பு’ என்று வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது சொல்லிலேயே தெரியும்.

இலங்கை நண்பர்கள் வோல்ற்றளவு என்பதால், அவர்களுக்குப் ‘பிடிவிடு வோல்ற்றளவு’ என்று அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

‘பிடி வரம்பு’ பற்றித்தான் எனக்கு மற்றவர்களின் கருத்து வேண்டும். பாலிடெக்னிக்கில் ஆய்வகம் எடுப்பவர்கள் அடுத்த வகுப்பில் இதைச் சொல்லிப் பார்த்து, மாணவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.