புதுப்பிப்பு: யுபிஐ பணத்தால் முடங்கிய கணக்கு திறந்துவிட்டது
பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஈரோட்டில் துண்டு, பெட்ஷீட் வியாபாரம், வெளிமாநில வாடிக்கையாளர் யுபிஐயில் போட்ட 4,800 ரூபாய் மோசடிப் பணம் என்று புகார் வந்து என் நடப்புக் கணக்கே முடங்கிவிட்டது, தறிக்காரருக்குக் கூலி கொடுக்க வழியில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

"வங்கியில் சண்டை போடாதீங்க, புகார் எண்ணையும் எந்த ஸ்டேஷன் என்பதையும் எழுத்தில் வாங்குங்க" என்று ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. 1930-க்கு (சைபர் மோசடி புகார் எண்) போன புகாரை வைத்து முடக்கச் சொன்னது புகார் பதிவான ஊர் போலீஸ். விசாரணை அதிகாரிக்கு ஜிஎஸ்டி பில், லாரி ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர், ஸ்டேட்மென்ட் எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பி, அந்த 4,800-ஐ மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மீதியை விடச் சொல்லிக் கேட்டேன். நேரில் போகவே இல்லை. 11-ஆம் நாள் கணக்கு திறந்தது, 4,800 மட்டும் இன்னும் லீனில் (எடுக்க முடியாமல் நிறுத்தி வைத்த நிலையில்) இருக்கிறது.

எதிர்பார்க்காதது ஒன்று: முடக்கியிருந்தபோதும் கியூஆரில் பணம் உள்ளே வந்துகொண்டே இருந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. அது தெரியாமல் நாலு நாள் கடை வசூலும் மாட்டிக்கொண்டது. கணக்கு முடங்கினால் முதல் வேலையாக கடையில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்க.

ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர் வரை போக வேண்டி வரவில்லை. போவதென்றால் முதலில் வங்கிக்கு எழுதி 30 நாள் பார்க்க வேண்டும்.