கடையில் 4 சிஸ்டம், நாலும் வெவ்வேறு வயசு: எது இன்னும் தாங்கும், எதைக் கழிக்கலாம்?

டிடிபி நாகை:

வணக்கம். நாகப்பட்டினத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை. காலை 9 முதல் இரவு 9 வரை ஓடும், ஞாயிறு விடுமுறை. 4 சிஸ்டமும் வரிசையாக மக்கர் செய்கின்றன. மொத்தமாக மாற்ற இப்போது வசதி இல்லை. எதற்குச் செலவு செய்யலாம், எதைக் கழித்துவிடலாம்?

அ) 2014 அசெம்பிள் செட். ஐ3 4-ஆம் தலைமுறை, 8 ஜிபி டிடிஆர்3, 450 வாட் லோக்கல் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி). காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். 5, 6 தடவை அழுத்தினால் வரும். வந்த பிறகு நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. தேதியும் தினம் பின்னால் போய்விடுகிறது. பேஜ்மேக்கர் வேலையும் பழைய தமிழ் எழுத்துருக்களும் இதில்தான்.

ஆ) 2018 மாடல் பிராண்டட் ஸ்லிம் டெஸ்க்டாப், ஐ5 8-ஆம் தலைமுறை. லீஸ் முடிந்து வந்த செகண்ட் ஹேண்ட், வாங்கி 2 வருஷம். ஒரு ஃபைல் திறக்க ஒரு நிமிஷம் ஆகிறது. ஹார்ட் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சளில் காட்டுகிறது: 05-க்கு (மாற்றி ஒதுக்கிய செக்டர்) நேரே 0, சி5-க்கு (காத்திருக்கும் செக்டர்) நேரே 18, ஓடிய நேரம் 31,400 மணி.

இ) 2019 லேப்டாப், பில் போட மட்டும். எப்போதும் சார்ஜரில்தான் இருக்கும். ஒரு மாதமாக டச்பேட் கிளிக் ஆகவில்லை, மற்றபடி நன்றாக இருக்கிறது.

ஈ) 2017 ஆல்-இன்-ஒன், 7-ஆம் தலைமுறை. 40 நிமிஷம் ஓடினால் பட்டென்று அணைகிறது.

இன்னொன்று: அ-வின் கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்கிறது. அதில் மாட்டிய பிரிண்டரின் யுஎஸ்பி போர்ட் 2 தடவை போய்விட்டது. அது தனிக் கதை என்று நினைக்கிறேன்.


சால்டர் கம்பி:

மத்ததெல்லாம் அப்புறம் சார், முதல்ல இ. லேப்டாப்பை இப்பவே ஷட்டவுன் பண்ணி சார்ஜரைக் கழட்டுங்க. கிளிக் ஆகாததுக்கு டச்பேட் காரணமா இருக்காது, அதுக்குக் கீழ இருக்கிற பேட்டரி உப்பியிருக்கும். மேஜையில வச்சுப் பாருங்க: நாலு காலும் சமமா உட்காராம ஆடும், டச்பேட் ஓரத்துல நகம் நுழையிற இடைவெளி தெரியும். வருஷக்கணக்கா 100 சதவீதத்துலயே, சூட்டுலயே கிடந்தா லித்தியம் செல்லுக்குள்ள வாயு சேரும்.

கழட்டும்போது அடிமூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரை போர்டுல இருந்து பிரிக்கிறது. அப்புறம்தான் பேட்டரி ஸ்க்ரூ. ஒட்டியிருந்தா ஸ்க்ரூட்ரைவரால நெம்பாதீங்க, பிளாஸ்டிக் அட்டையால மெதுவா. அமுக்கிப் பார்க்கிறது, ஊசி குத்திக் காத்தை இறக்குறது இதெல்லாம் யார் சொன்னாலும் செய்யாதீங்க, தீப்பிடிக்கும். கழட்டினதை உலர்ந்த மணல் போட்ட இரும்பு டப்பாவுல வச்சு, பேட்டரி சேகரிக்கிற இடத்துல கொடுங்க. பல மாடல் பேட்டரி இல்லாமலே அடாப்டர்ல ஓடும், சிலது வேகத்தைக் குறைச்சுக்கும். பில் போட அது போதும்.

புது பேட்டரி போட்டா பயாஸ்லயோ கம்பெனி செயலியிலயோ சார்ஜ் வரம்பு 80-ன்னு வைங்க, 60 இருந்தா இன்னும் நல்லது. லேப்டாப் பேட்டரிக்குப் பொதுவா 300 முதல் 500 சுழற்சி கணக்கு. உங்க மாதிரி சார்ஜர்லயே விடுறவங்களுக்கு அந்தக் கணக்கே எட்டாது, சூடுதான் கொல்லும்.


சால்டர் கம்பி:

இப்ப அ. குளிர்ந்திருக்கும்போது வராது, நாலு தடவை தட்டினா வரும், அப்புறம் ஓடும்னா எஸ்எம்பிஎஸ்ல ஸ்டாண்ட்பை (சிஸ்டம் அணைஞ்சிருந்தாலும் 5 வோல்ட் கொடுக்கிற பகுதி) பக்கத்துக் கெப்பாசிட்டர் வறண்டிருக்கு. சுவிட்ச் போர்டை அணைக்காம விட்டா அந்தப் பகுதி ராத்திரியும் வேலை செய்யும், அதனால அதுதான் முதல்ல கிழடாகும்.

கெப்பாசிட்டர் மேல 105 டிகிரி, 2,000 மணின்னு இருந்தா, சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும். 75 டிகிரியில 16,000 மணி, 65-ல 32,000. உங்க கடை வருஷத்துக்கு 3,600 மணி ஓடுது. 65-ல இருந்தா சுமார் 9 வருஷம், தூசி அடைச்சு 75-க்கு ஏறினா நாலரை. 2014 செட்டு இவ்வளவு நாள் வந்ததே பெரிசு.

சோதனை: 24 பின் கனெக்டர் போர்டுல மாட்டினபடியே இருக்கட்டும். மல்டிமீட்டர் டிசி 20 வோல்ட். கருப்பு முனை ஏதாவது கருப்பு வயர்ல, சிவப்பு முனை ஊதா வயரோட (அதுதான் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்) பின்பக்கத்துல சொருகுங்க. 4.75-க்கும் 5.25-க்கும் நடுவுல இருக்கணும். காலையில, முதல் தடவை பட்டனை அழுத்தும்போதே பார்க்கணும், ஓடி சூடான பிறகு பார்த்தா சரியாத்தான் காட்டும். பச்சை வயரையும் கருப்பையும் கம்பியால இணைச்சு ஃபேன் சுத்துதான்னு பார்க்கிற வழக்கம் இங்க உதவாது, சுமை இல்லாம எதுவும் சுத்தும்.

குறைஞ்சா எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திடுங்க. திறந்து கெப்பாசிட்டர் மாத்துறது தெரிஞ்சவங்க வேலை, பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் வரை தேங்கி நிக்கும். தேதி போறதுக்குக் காரணம் மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் செல், அதையும் அப்பவே மாத்துங்க. மதர்போர்டுல பிராசசர் பக்கத்துக் கெப்பாசிட்டர் தலை தட்டையா இருக்கான்னும் ஒரு பார்வை. உப்பியிருந்தாலோ பழுப்பா கசிஞ்சிருந்தாலோ அந்த போர்டுக்குப் பணம் போடாதீங்க.


பயாஸ் பீப்:

ஆ-வுக்கு ஒரு திருத்தம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் மூல மதிப்புகள் வழக்கமாக ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறை) வரும். சி5-க்கு நேரே நீங்கள் பார்த்த 18 உண்மையில் 24. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் 24 என்று பொருள். ஃபைல் திறக்க ஒரு நிமிஷம் ஆவது இதனால்தான்: டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது.

31,400 மணி நேரத்தையும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உங்களிடம் 2 வருஷத்தில் ஓடியது சுமார் 7,200. மீதி 24,200 மணி, முதல் 5 வருஷத்தில். ஞாயிறும் தீபாவளியும் சேர்த்து நாளுக்கு 13 மணிக்கு மேல். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது வருஷத்தைக் கேட்பதைவிட இந்த எண்ணைக் கேட்பது நல்லது.

ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் பிழை முதல் தடவை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளுக்குள் போகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்று வந்தது. அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எந்த எச்சரிக்கையும் காட்டவே இல்லை. மஞ்சள் வரவில்லை என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது.

செய்ய வேண்டிய வரிசை: விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க் ஓட்ட வேண்டாம், சாகும் டிஸ்க்கைப் போட்டு உழுகிற வேலை அது. வாடிக்கையாளர் ஃபைல்களை முதலில் கையால் நகல் எடுங்கள். பிறகு லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, கெட்ட டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவால் முழு டிஸ்க்கையும் எஸ்எஸ்டிக்கு எடுங்கள். எதுவரை எடுத்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலைக் கட்டாயம் கொடுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எஸ்எஸ்டியின் கொள்ளளவு பழைய டிஸ்க்கைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. சின்னதுதான் வாங்க முடியும் என்றால் ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். சாம்சங் 870 ஈவோ 250 ஜிபிக்குச் சொல்லப்பட்ட, மொத்தமாக எழுதக்கூடிய டேட்டா அளவு 150 டெராபைட். நாளுக்கு 20 ஜிபி எழுதினாலும் 7,500 நாள். ஆனால் எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் சிப் போனால் டிக்டிக் சத்தம்கூட இல்லாமல் ஒரே நொடியில் மறைந்துவிடும். பேக்கப் இரண்டுக்கும் பொது.

நாலில் ஆ-வுக்குத்தான் நான் பணம் போடுவேன். 8-ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். அ, ஈ இரண்டும் விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அ-வைக் கழித்துவிடலாம் என்பது என் கருத்து.


சால்டர் கம்பி:

கழிக்க வேண்டாம் பீப். பேஜ்மேக்கர் செட்டுக்கு இன்டர்நெட் எதுக்கு? நெட் கேபிளை உருவிட்டு தனியா ஓட்டலாம். இப்ப நல்லா இருக்கும்போதே அந்த டிஸ்க்கை முழு இமேஜா எடுத்து வைக்கட்டும். எஸ்எம்பிஎஸ், செல், ராம், டிஸ்க் எல்லாமே எந்தக் கடையிலயும் கிடைக்கிற பொருள். அசெம்பிள் செட்டோட பலமே அதுதான்: மதர்போர்டு போகிற வரைக்கும் அது சாகாது. லேப்டாப்புக்கு ஹிஞ்ச் உடைஞ்சாலே கதை முடியும். மினி பிசி வேணும்னா மின்சாரம் மிச்சம், ஆனா சூடு போக இடம் கிடையாது. ஆல்-இன்-ஒன் என் கணக்குல கடைசி. டிஸ்ப்ளே போனா நல்ல போர்டும் வீண், போர்டு போனா நல்ல டிஸ்ப்ளேயும் வீண்.


பயாஸ் பீப்:

வெளி பென்டிரைவ் எதுவும் அ-வுக்குள் போகாது என்று உறுதி கொடுத்தால் ஒத்துக்கொள்கிறேன். டிடிபி கடைக்கு வருகிற பென்டிரைவ் ஊரில் உள்ள அத்தனை வைரஸையும் கூட்டிக்கொண்டு வரும். வாடிக்கையாளர் பென்டிரைவை ஆ-வில் மட்டும் போடுங்கள்.

ஈ-க்கு, சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் போட்டு அணைவதற்கு முன் சூட்டைப் பாருங்கள். 95-ஐத் தொட்டு அணைந்தால் காரணம் தூசி, பிராசசர் மேல் உள்ள பேஸ்ட், ஃபேன். 60-லேயே அணைந்தால் அடாப்டர் அல்லது போர்டு. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு பல்குச்சியால் நிறுத்திக்கொள்ளுங்கள், காற்று வேகத்தில் சுழன்றால் பேரிங் கெடும். போர்டு என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.


மின்கம்பம்:

எல்லாரும் கடைசிப் பத்தியைத் தாண்டிப் போயிட்டீங்க. கேபினெட் சுருக்குங்கறது தனிக் கதை இல்ல அண்ணே. எர்த் இல்ல.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள ஃபேஸ்ல இருந்து ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து ஒண்ணுன்னு 2 சின்ன கெப்பாசிட்டர் கேபினெட்டுக்குப் போகும். எர்த் இருந்தா அந்தக் கசிவு பூமிக்குப் போயிடும். இல்லேன்னா கேபினெட் மேல சப்ளையில பாதி, 115 வோல்ட் பக்கம் மிதக்கும். மின்னோட்டம் ரொம்பக் கம்மி, அதான் சுருக்குன்னு மட்டும் இருக்கு. பிரிண்டரை வேற போர்டுல சொருகி, ஓடும்போதே யுஎஸ்பி மாட்டினா அந்த வித்தியாசம் முழுக்க போர்ட் வழியா பாயும். 2 போர்ட் போனதுக்கு அதுவே போதுமான காரணம். ஸ்பைக் பஸ்டர் வச்சிருந்தாலும் எர்த் இல்லாம பாதி வேலைதான் செய்யும்.

மல்டிமீட்டர் ஏசி 750, சிஸ்டம் ஓடிட்டே இருக்கட்டும். அது மாட்டியிருக்கிற அதே போர்டுல ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூணும் பாருங்க. முதல் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், மூணாவது 2, 3 வோல்ட்டுக்குள்ள. பழக்கம் இல்லேன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்க.


டிடிபி நாகை:

மூன்று நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி.

இ: டச்பேட் ஓரத்தில் ஏடிஎம் அட்டை நுழைகிறது. பேட்டரி கழற்றியாகிவிட்டது, அடாப்டரில் ஓடுகிறது.
அ: ஊதா வயர் காலையில் 4.31, பட்டனை அழுத்தினால் 3.9. மதியம் 4.98.
ஆ: சி5 இப்போது 2ஏ. ஃபைல்கள் முழுக்க எடுத்தாயிற்று, டிடிரெஸ்க்யூ ஓடுகிறது.
ஈ: 97 டிகிரியில் அணைகிறது, ஃபேன் சத்தமே இல்லை.

எலக்ட்ரீஷியன் அளந்தது: ஃபேஸ்–நியூட்ரல் 228, ஃபேஸ்–எர்த் 121, நியூட்ரல்–எர்த் 107. சுவிட்ச் போர்டைக் கழற்றினால் 3 சாக்கெட்டிலும் எர்த் முனையில் வயரே இல்லை.


பயாஸ் பீப்:

2ஏ என்றால் 42. மூன்று நாளில் 24-லிருந்து 42. நகல் முடியும்வரை அந்தச் சிஸ்டத்தை வேறு எதற்கும் தொடாதீர்கள். ஈ-க்கு அந்த மாடல் ஃபேன் மட்டும் தேடுங்கள், கிடைக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள்.


சால்டர் கம்பி:

3.9-ன்னா எஸ்எம்பிஎஸ் முடிஞ்சது. ஆனா எர்த் வயர் இழுத்த பிறகு புதுசை மாட்டுங்க.


மின்கம்பம்:

ஆமா, முதல்ல எர்த். 3 சாக்கெட்டுக்கும் பச்சை வயர் இழுத்து, மெயின் போர்டுல இருந்து எர்த் குழி வரைக்கும் தொடர்ச்சி பார்க்கச் சொல்லுங்க. பைப் துருப்பிடிச்சிருக்கான்னும் பார்க்கணும், கடலோர மண்ணுல ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் சீக்கிரம் அரிச்சிடும். நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்லயே ஒண்ணா முறுக்கி விடுற ஆளா இருந்தா அனுப்பிடுங்க. நியூட்ரல் அறுந்த அன்னிக்கு கேபினெட்ல 230 நிக்கும். வேலை முடிஞ்சதும், யுபிஎஸ் இருந்தா அதோட அவுட்புட்லயும் அதே மூணு அளவை எடுத்துப் போடுங்க, பல பேர் அங்க 2 பின் எக்ஸ்டென்ஷன் மாட்டி எர்த்தைத் திரும்ப அறுத்துடுவாங்க.