பூசண எண்ணிக்கை குறைவு, எர்கோஸ்டெரால் அதிகம்: இந்தத் தீவனத்தைக் கொடுக்கலாமா?

தீவனக்களம்:
கறவை மாட்டுக்கான பெல்லட் தீவனத்தில் ஒரு லாட்டை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பூசண எண்ணிக்கை இல்லை என்றே சொல்லலாம், எலைசா சோதனையில் (எதிர்ப்பொருள் வைத்துத் தேடும் கிட்) அஃப்ளடாக்சின் என்ற பூசண நச்சும் 'கண்டறியப்படவில்லை', ஆனால் பூசணத்தின் அளவைக் காட்டும் எர்கோஸ்டெரால் போன லாட்டைவிடப் பல மடங்கு. பூசணமே இல்லாத தீவனத்தில் இது எப்படி? எதை நம்புவது?

ஆய்வுமேசை:
மூன்றுமே சரியாக இருக்கலாம், ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது. தட்டில் வளர்த்து எண்ணும்போது உயிரோடு இருக்கிற பூசணம் மட்டும்தான் கணக்கில் வரும், பெல்லட் போடும்போது படுகிற நீராவிச் சூட்டில் பெரும்பகுதி செத்திருக்கும். எர்கோஸ்டெரால் பூசணத்தின் செல் சவ்வில் இருக்கும் ஸ்டெரால் என்ற கொழுப்பு வகைப் பொருள், தானியத்தின் ஸ்டெரால்கள் வேறு. பூசணம் செத்தாலும் அது உடனே போய்விடாது, அதனால் ஏற்கெனவே வளர்ந்து அடங்கியதையும் காட்டிக்கொடுக்கும். காரம் சேர்த்துச் சூடாக்கி, ஹெக்சேனில் பிரித்து, எச்பிஎல்சி என்ற பிரித்தளக்கும் கருவியில் 282 நானோமீட்டர் அலைநீள ஒளியில் பார்ப்போம். ஒன்று கேட்க வேண்டும்: ஈஸ்ட் சேர்க்கிறீர்களா? ஈஸ்டிலும் எர்கோஸ்டெரால் நிறைய உண்டு, அது தெரியாமல் இந்த எண்ணை வைத்துப் பேசுவதில் பயனில்லை.

தீவனக்களம்:
சேர்க்கிறோம், ஆனால் இரண்டு லாட்டிலும் ஒரே ஈஸ்ட், ஒரே அளவு. அப்புறம், அஃப்ளடாக்சின்தான் இல்லையே, பயப்பட வேண்டுமா?

மக்காச்சோளம்:
அந்த எலைசா கிட் அஃப்ளடாக்சினை மட்டும்தான் தேடியது. ஃபியூசேரியம் என்ற பூசண வகை வளர்ந்திருந்தால் டான் (டிஆக்சிநிவலெனால்), ஜியராலெனோன், ஃபியூமோனிசின் என்று வேறு நச்சுகள் இருக்கலாம், அதற்கு எல்சி-எம்எஸ் கருவியில் (பொருள்களைப் பிரித்து நிறையை வைத்து அடையாளம் காண்பது) ஒரே ஓட்டத்தில் பல நச்சுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு: எர்கோஸ்டெரால் குறைவு என்றால் நச்சு இல்லை என்று ஆகாது, அஃப்ளடாக்சினைச் சுரக்கும் அஸ்பர்ஜில்லஸ் பூசணம் கொஞ்சம் இடத்தில் வளர்ந்தாலே போதும். கறவை மாடு என்பதால் இதில் அசட்டை கூடாது, அஃப்ளடாக்சினில் பி1 என்ற வகை மாட்டின் உடலில் எம்1 என்ற வகையாக மாறிப் பாலில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் கறவை மாட்டின் கலப்புத் தீவனத்துக்கு பி1 வரம்பை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்று வைத்திருப்பதும் அதனால்தான், மூலப்பொருளுக்கு அது 20.

ஆய்வுமேசை:
மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கும் முன்னால் மாதிரி எப்படி எடுத்தீர்கள் என்று பாருங்கள். அஃப்ளடாக்சின் லாட் முழுக்கச் சீராகப் பரவாது, சில தானிய மணிகளிலேயே குவிந்து கிடக்கும், ஒரே மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால் 'கண்டறியப்படவில்லை' என்று வருவதில் வியப்பே இல்லை, எத்தனை விலையுயர்ந்த கருவி என்றாலும் இந்தக் குறையைத் தீர்க்காது. பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துக் கலந்த பிறகு அதிலிருந்து ஒரு பங்கை அனுப்புங்கள். அரைக்காமல் கலப்பது வீண். அந்த லாட்டுக்குப் போன மூலத் தானியத்தில் எடுத்து வைத்த மாதிரி இருக்கிறதா? இருந்தால் அதற்கும் எர்கோஸ்டெரால் பாருங்கள், பூசணம் தானியத்தோடு வந்ததா, பெல்லட் ஆன பிறகு கிடங்கு ஈரத்தில் வந்ததா என்று பிரித்துவிடலாம்.

தீவனக்களம்:
இருக்கிறது, மூடிய டப்பாவில். இரண்டையும் சேர்த்தே அனுப்புகிறேன், முடிவு வரும்வரை லாட்டை நிறுத்திவைக்கிறேன்.

ஆய்வுமேசை:
சரி. வெளிச்சம் படாமல் கட்டி அனுப்புங்கள், எர்கோஸ்டெரால் வெளிச்சத்தில் சிதையும்.