இரண்டாம் தரமா, இரண்டாம் படியா: உள்ளரங்க ஹாக்கிக்கு ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை டீச்சர், செவ்வாய் மாலை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது. அதில் பெண்களுக்கான ஐரோப்பிய உள்ளரங்க ஹாக்கி பற்றி ஒரு பக்கம் வருகிறது. முதல் வரிசை நாடுகளுக்கு ஒரு போட்டி. அடுத்த வரிசை நாடுகளுக்குத் தனிப் போட்டி. அதன் பெயரிலேயே ரோமன் இரண்டு (II) இருக்கும். இதில் மேலே வரும் அணிகள் அடுத்த முறை முதல் போட்டிக்குப் போகும், அங்கே அடியில் நின்றவை இங்கே வரும். நான் "இரண்டாம் தரப் போட்டி" என்று எழுதியிருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்துவிட்டு, "இது ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க ஆடுறதா டீச்சர்?" என்றாள். அவள் கேட்டது நியாயம். இங்கே கேரளத்தில், மலையாளத்தில் பத்தாம் தரம் என்றால் பத்தாம் வகுப்பு. பக்கத்தில் இருந்தவள், "இல்லடி, மட்டமான டீமு" என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாட்டுக்காக ஆடும் பெண்களை மட்டம் என்று நான் அச்சேற்ற மாட்டேன். ஒரு சொல் கொடுங்கள்.

யாழ்ப்பாணம், செவ்வாய் இரவு:

எங்களிடமும் தரம் என்றால் வகுப்புதான். தரம் ஐந்து புலமைப்பரிசில் என்றுதான் சொல்வோம். ஆகவே தரத்தை விட்டுவிடுங்கள் டீச்சர். உள்ளரங்குக்கு நாங்கள் "உள்ளக" என்று எழுதுவோம். உள்ளக ஹாக்கி, சின்னச் சொல்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதன் காலை:

சொல் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது அம்மா. எதையும் தலை, இடை, கடை என்று மூன்றாகப் பகுப்பது நம் மரபு. ஐரோப்பாவிலும் மூன்று அடுக்கு உண்டென்றால் தலைப்போட்டி, இடைப்போட்டி, கடைப்போட்டி என்று கச்சிதமாக உட்காரும். உங்களுக்கு வேண்டியது இடைப்போட்டி. ஹாக்கியை வளைகோற்பந்து என்று எழுதுங்கள். லகரம் றகரமாகும், வளைகோல்பந்து என்று விட்டுவிடாதீர்கள். ஹகரத்துக்குப் பயந்து ஆக்கி என்று எழுதுகிறவர்களும் உண்டு. சோறு ஆக்கியது போல இருக்கிறது, அதுவும் வேண்டாம்.

மூணாறு, விளையாட்டு ஆசிரியர், புதன் மதியம்:

ஐயா, வளைகோல் புத்தகத்தில் அழகுதான். மைதானத்தில் நின்று "வளைகோலில் ஒரு கோல்" என்று கத்திப் பாருங்கள், கோல் என்றது மட்டையா, போட்ட கோலா என்று பிள்ளைகள் முழிப்பார்கள். அப்புறம், சிலர் பந்தடி என்று எழுதுகிறார்கள், அது இந்த ஆட்டத்துக்கு அடியோடு பொருந்தாது. உள்ளரங்கில் மட்டையை ஓங்கி அடிக்கவே கூடாது, தள்ளத்தான் வேண்டும். கோலை நோக்கி விடும்போது தவிரப் பந்து தரையை விட்டு எழக்கூடாது. களமும் 40 மீட்டருக்கு 20 மீட்டர்தான், வெளி ஹாக்கிக் களத்தில் பாதி நீளம்கூட இல்லை. கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். இரண்டு பக்கமும் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை கிடக்கும், பந்து அதில் பட்டுத் திரும்பி வரும். அந்தப் பலகைக்கும் ஒரு சொல் யோசியுங்கள். ஆட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர், புதன் மாலை:

பலகைக்குச் சொல் கிடைத்துவிட்டது சார். இன்று சாப்பாட்டு ஹாலில் பெஞ்சுகளைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு ஆடவைத்தேன். ஒருத்தி பந்தைச் சாய்வாகத் தள்ளினாள். அது பெஞ்சில் டக்கென்று பட்டு, தடுக்க வந்தவளைச் சுற்றிக்கொண்டு அடுத்தவள் மட்டைக்கே போய்ச் சேர்ந்தது. உடனே ஒரு குரல்: "வரப்புல தட்டி விடுடி!" எங்கள் பிள்ளைகள் பாதிப்பேர் வயல் வீட்டுப் பிள்ளைகள். வரப்பைவிட நல்ல சொல்லை நாம் யோசித்துப் பிடிக்க முடியாது.

ஐயா, இடைப்போட்டி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது வரிசைப் பெண்களைக் கடை என்பதா? நன்னூலில் கடைமாணாக்கருக்கு உவமை ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை. எனக்கு மனசு வரவில்லை.

சித்தூர் (ஆந்திரச் சித்தூர், டீச்சர் ஊர்ப் பக்கத்துப் பாலக்காட்டுச் சித்தூர் இல்லை), புதன் இரவு:

இங்கே தெலுங்குப் பத்திரிகைகளில் "த்விதீய ஸ்ரேணி" என்று போடுவார்கள். சிரேணி என்பதே நம் ஏணியிலிருந்து போனதாக இருக்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். ஏணி, சேணி, சிரேணி என்று வரிசையாக வைத்துப் பாருங்கள்.

பாலக்காடு, மெய்ப்புப் பார்ப்பவர், வியாழன் காலை:

ஓசை ஒத்துப்போவதை மட்டும் வைத்து வேர் சொல்ல முடியாது சார். சேணியர் நெசவாளர் என்று இன்னொருவர் கிளம்பினால் வெள்ளிக்கிழமை போய்விடும். ஆனால் ஏணி என்றதும் எனக்குப் படி நினைவுக்கு வந்தது. "இரண்டாம் படி." மேலே போனால் படியேற்றம், கீழே வந்தால் படியிறக்கம். அடுக்கு என்றால் அப்படியே இருக்கும் பொருள். படி என்றால் ஏறலாம். இந்தப் போட்டியே ஏறுவதற்காகத்தான் நடக்கிறது. உள்ளகத்துக்குப் பதில் உள்ளரங்க ஹாக்கி என்றே வைப்போம். இங்கே பிள்ளைகளுக்கு உள்ளகம் பழக்கமில்லை.

மூணாறு, வியாழன்: படிக்கு என் ஓட்டு.

யாழ்ப்பாணம், வியாழன்: உள்ளகத்தை விட மனமில்லை. படி சரி.

கொழிஞ்சாம்பாறை டீச்சர், வியாழன் இரவு:

மணி பத்தரை. "பெண்கள் உள்ளரங்க ஹாக்கி, ஐரோப்பியப் போட்டி, இரண்டாம் படி" என்று அனுப்பிவிட்டேன். பலகை வரப்பாகிவிட்டது. அந்தப் பிள்ளையிடம் நாளை சொல்ல வேண்டும். எல்லோருக்கும் நன்றி.

நாகர்கோவில், வெள்ளி அதிகாலை:

அச்சுக்குப் போனது சரி அம்மா. வரப்பு அருமையான சொல், அதற்கு என் முழுச் சம்மதம். ஆனால் இரண்டாம் படி என்றால் நகல் என்றும் பொருள் என்பதை யாருமே பார்க்கவில்லை. ஆவண எழுத்தரிடம் கேட்டுப் பாருங்கள். கடை என்றால் இழிவு என்பதையும் நான் ஏற்கவில்லை. நம் கைக்கு வந்த பாட்டெல்லாம் கடைச்சங்கத்துப் பாட்டு என்றுதானே சொல்கிறோம், அதை யார் இழிவு என்றார்கள்? அடுத்த பதிப்பில் இடைப்போட்டி என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.