கொம்ஃப்ரி இலையும் ஒரு கிளாஸ் கசாயமும்: உங்களுக்கு நடந்தது என்ன?

கிருலப்பனை முற்றம்

இங்கே கொம்ஃப்ரி என்கிற குளிர்நாட்டு மூலிகைச் செடியை வளர்க்கிற ஆட்கள் இருப்பதால் எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி முழங்கால் வலிக்குக் கட்டவென்று என்னிடம் இலை வாங்கிக்கொண்டு போவார். போன போயா அன்று பிலாக்கொட்டை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். குசினியில் சின்னச் சட்டியொன்று கொதிக்கிறது. தண்ணீர் கரும்பச்சை, மேலே நுரை. சுணை எல்லாம் அவிந்துபோய், இலை வழுவழுவென்று அகப்பையில் தொங்குகிறது. அதை வடித்து, கருப்பட்டித் துண்டோடு என் கையில் வைத்து, "நீரும் குடியும் தம்பி, உடம்புக்கு நல்லது" என்றார்.

"அன்ரி, இது வெளியில கட்டத்தான். குடிச்சால் ஈரலுக்குக் கூடாது" என்றேன்.

முகம் அப்படியே மாறிவிட்டது. "இலை தர மனமில்லாட்டி நேரா சொல்லும்" என்று கிளாஸை என் கையிலிருந்து வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே தான் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும்.

இப்போது கேட்டு வருவதில்லை. மதிலோரம் இருக்கிற செடியில் மட்டும் நகத்தால் கிள்ளிய காம்புகள் நிற்கின்றன. செடியைப் பிடுங்கிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் என் தக்காளிக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. இப்படி யாருக்காவது நடந்ததா?

வெள்ளவத்தை மாடி

அண்ணா, நீங்கள் கொஞ்சம் கூடத்தான் பயப்படுகிறீர்கள். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக இதைக் குடித்திருக்கிறார்கள், வடை மாதிரிப் பொரித்துக்கூடச் சாப்பிட்டிருக்கிறார்கள். எல்லாரும் செத்தா போனார்கள்?

என் அனுபவம் இது. அப்பா மழைக்குள் கோயில் படியில் வழுக்கிக் கணுக்காலைப் பிரட்டிக்கொண்டார். எக்ஸ்ரே எடுத்து எலும்பு சரி என்று அனுப்பிவிட்டார்கள். வீங்கி, செருப்பின் வார் கொளுவவில்லை. நான் மாடியில் வளர்க்கிற செடியில் நாலைந்து பெரிய இலையை அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பரப்பிக் கட்டினேன். விடியக் காலையில் அவிழ்த்தபோது துணி கறுத்துக் காய்ந்திருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்த் தானே தேநீர் ஊற்றினார். அதற்கு முதல் நாள் பாத்ரூமுக்குக்கூட என் தோளைப் பிடித்துத்தான் போனவர். அந்தச் செடியை நஞ்சு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

பாமசி அக்கா

வெள்ளவத்தைத் தம்பி, உங்கள் அப்பாவுக்குச் சுகமானதில் சந்தோஷம். நானும் அதை நம்புகிறேன். கணுக்கால் சுளுக்குக்குக் கொம்ஃப்ரி வேர்க் களிம்பை ஜேர்மனியில் முறையாகப் பரிசோதித்து, வலியும் வீக்கமும் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கட்டினதையும் அந்த அன்ரி குடிக்கிறதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

நான் பாமசியில் நிற்கிறவள். ஒரு நாள் ஒரு அம்மா, லண்டனிலிருந்து வந்த காய்ந்த இலைப் பொட்டலத்தை மேசையில் வைத்து, "மகளுக்கு மூன்றாம் மாதம், நாரி நோ. இதை எவ்வளவு போட்டுக் கொடுக்கலாம்?" என்று கேட்டார். மகள் பின்னால் நின்றாள். அம்மாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று சொல்லச் சொல்லி. அந்தப் பிள்ளையின் கண் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. நான் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் செடியில் பைரோலிசிடின் அல்கலொயிட் என்ற வகைப் பொருட்கள் இருக்கின்றன. உள்ளே போனால் அவற்றை ஈரல்தான் மாற்றுகிறது. மாற்றும்போது வருகிற பொருள் ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் காயப்படுத்தி, நாளாக நாளாக அடைக்கிறது. குடித்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பண்டி ஊதி, கண் மஞ்சளாகித் தெரியவரும்போது கெடுதல் நடந்து முடிந்திருக்கும். அதனால்தான் "அந்தக் காலத்தில் குடித்தார்களே" என்ற கதை எடுபடாது; ஈரல் போன ஆளுக்கும் இலைக்கும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2001இல், குடிக்கிற, விழுங்குகிற கொம்ஃப்ரிப் பொருட்களைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி உணவு மருந்து நிர்வாகம் கேட்டது. ஜேர்மனியில் தோலுக்கு வெளியே பூசலாம், அதுவும் புண் இல்லாத தோலில், வருஷத்தில் சில வாரங்கள் மட்டும். வேரில் இந்தப் பொருள் கூட, இலையில் குறைவு. இலையிலும் இளசில் கூட, முற்றினதில் குறைவு. கொழுந்து நல்லது என்று பார்த்துக் கிள்ளுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1981இல் பேராதனை ஆய்வாளர்கள் நம் நாட்டு மூலிகைகளிலேயே இந்த வகை நஞ்சைத் தேடிப் பார்த்தார்கள். கிலுகிலுப்பைச் செடி ஒன்றில் அகப்பட்டது. வேலியோரம் நிற்கிற தேள்கொடுக்கு, கொம்ஃப்ரியின் குடும்பம்தான். அதிலும் இருக்கிறது.

கர்ப்பிணி, பால் கொடுக்கிற தாய், சின்னப் பிள்ளை, ஈரல் வருத்தக்காரர், இவர்கள் பூசவும் வேண்டாம். வெட்டுக்காயத்தில் வைக்கவே வேண்டாம். இதிலுள்ள அலன்டோயின் என்ற பொருள் மேல்தோலை வேகமாக வளரச் செய்யும், அடியில் அழுக்கு இருக்கும்போதே மேலே மூடிவிடும்.

கிருலப்பனைத் தம்பி, அன்ரியிடம் திரும்பப் போங்கள். நீங்கள் சொல்லிக் கேட்காவிட்டால் அவருடைய பிள்ளைகளிடம் சொல்லி, ஈரலுக்கு ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இரத்மலானைக் குமார்

எல்லாரும் குடிக்கிறதைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு நடந்தது பீப்பாயில்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினபோது, வளவில் நீலப் பீப்பாய் வைத்து, பயிருக்கு உரமாக ஊற்றக் கொம்ஃப்ரி இலையைத் தண்ணீரில் ஊறப் போட ஆரம்பித்தவன் நான். இன்றைக்கும் விடவில்லை. போன மழைக்கு டெங்குப் பரிசோதனைக்கு பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். பூச்சாடித் தட்டு, ஏசித் தண்ணீர் விழுகிற வாளி, எல்லாம் பார்த்தார். பிறகு பீப்பாய். "மொகத மே?" (இது என்ன?) என்று சிங்களத்தில் கேட்டபடியே மூடியைத் தூக்கினார். அந்த மணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், செத்த எலிதான். மனுஷன் இரண்டு அடி பின்னால் போனார். ஆனால் விடவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, மூடிக்கு அடியில் கட்டியிருந்த வலைத் துணியை விலக்கி, அகப்பையால் அள்ளி வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, ரோச் அடித்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். கபில நிறத் தண்ணீர், ஒரு இலை நரம்பு. ஒன்றும் நெளியவில்லை. அந்த ஒரு நிமிஷம் என் நெஞ்சு அடித்த அடி!

பிறகு அவர்தான் சொன்னார், டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் முட்டை இடும் என்று நினைக்காதே, இலை ஊறின தண்ணீர் அதை இழுக்கும் என்று. உண்மைதான். நுளம்பு முட்டை பிடிக்க வைக்கிற பொறிகளில் வைக்கோல் ஊறல் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள். கொழும்பில் திறந்த வாளியில் இதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். உங்கள் தக்காளிக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் கிடக்கக் கூடாது.

தெகிவளைத் தோட்டக்காரி

குமார் அண்ணா, தண்ணீரே வேண்டாமே! அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் என் கதை. நுவரெலியாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த வேர்த்துண்டு. தை மாசி முழுக்க முழங்கால் உயரத்துக்கு நின்றது. மே மாதம் மழை பிடித்தது. ஒரு காலை இலையைப் பிடித்துத் தூக்கினேன், முழுச் செடியும் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை, கறுத்த கூழ்தான்.

குளிர்நாட்டு ஆற்றங்கரைச் செடி என்பதால் ஈரம் பிடிக்கும் என்கிறார்கள். பிடிக்கும்தான், ஆனால் நம் சூட்டோடு சேர்ந்த தேங்கின ஈரம் அதற்கு ஆகாது. ஆகவே மண்ணில் நடுவதென்றால் மேடு கட்டி நடுங்கள். சாடி என்றால் ஆழமானது, அடியில் ஓட்டை நிறைய, மண்ணோடு ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்து. பின்னேர வெயில் படாத இடம், வாழைக்குப் பக்கம் என்றால் திறம். ஒருமுறை பிடித்தால் இடம் மாற்ற நினைக்காதீர்கள், மண்ணில் விடுபட்ட விரல் நீள வேரும் முளைக்கும். பலரும் வைத்திருக்கிற 'பொக்கிங் 14' விதை வைக்காது. இங்கிலாந்தில் லோரன்ஸ் ஹில்ஸ் என்பவர் 1950களில் தெரிந்தெடுத்த வகை அது. அதனால் காற்றில் பரவுமென்ற பயம் வேண்டாம், மண்வெட்டியால்தான் பரவும்.

வெட்டும்போது நீளக் கை சட்டை போடுங்கள், சுணை கையைக் கடிக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு வெட்டி, ஒரு நாள் நிழலில் வாடப் போட்டு, தக்காளி, மிளகாய் அடியில் பரப்பி, மேலே கொஞ்சம் மண் தூவுங்கள். இலையில் நார் குறைவு, கொழும்புச் சூட்டில் சீக்கிரம் கரைந்துவிடும். மணமும் இல்லை, நுளம்பும் இல்லை.

இன்னொன்று. 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்களே, அப்போது எங்கள் கந்தோரில் எல்லாரும் கொம்ஃப்ரி கொம்ஃப்ரி என்று அலைந்தார்கள். அது தருவது முக்கியமாகப் பொட்டாசியம். பொட்டாசியம் நம் தேங்காய்ப் பொச்சிலும் வாழைத் தண்டிலும் தாராளமாக இருக்கிறது. இலை செழிக்க நைதரசன் வேண்டுமென்றால் வேலிக் கிளிசரியாவை வெட்டிப் போடுங்கள், அது காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கிற இனம். கொம்ஃப்ரி பிடிக்காது. இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒருவரிடமும் கெஞ்ச வேண்டாம்.

வெள்ளவத்தை மாடி

பாமசி அக்கா, இரண்டு தரம் வாசித்தேன். குடிக்கிறதைப் பற்றி இனி வாதாடவில்லை. கட்டுகிறதை மட்டும் விடமாட்டேன். அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, காலில் சின்னக் கீறல் ஒன்றும் இருக்கிறது, அது ஆறும் வரைக்கும் அந்தக் காலில் வைக்கமாட்டேன்.

தெகிவளை அக்கா, நீங்கள் சொன்ன கூழ் வேர் என் இரண்டாவது சாடியிலும் தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன், அடி இலை மஞ்சள். இப்போதே வெளியே எடுத்து நல்ல பக்கத்தை மட்டும் வெட்டி வைத்தால் பிழைக்குமா, இல்லை மழை விட்டபிறகு தொடுவதா?

தெகிவளைத் தோட்டக்காரி

இன்றைக்கே எடுங்கள். அமர்த்திப் பார்த்து, கெட்டியாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருக்கிற துண்டை மட்டும் வெட்டி, வெட்டு வாய் காயும் வரை நிழலில் வைத்து, ஈரம் குறைந்த மணலில் படுக்கையாகப் புதையுங்கள். கூரைக்குக் கீழே வையுங்கள். முளை வரும்வரை தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும்.