சுளைகளை உள்ளே வைத்ததும் பிரிந்த இரண்டு எண்கள்

வெற்றிடத்தை அளக்கும்போது நேர்ந்த அனுபவங்கள்

குலசேகரம் உறுப்பினர்:
எங்கள் பக்கத்தில் ஒரு சிறிய கூடத்தில் வரிக்கைச் சக்கைச் (பலா) சுளைகளை உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்துகிறார்கள். ஆனி மாதம் அங்கிருந்து அழைத்தார்கள். "சார், எங்கோ லீக் இருக்கிறது. இரண்டு நாளாகத் தேடுகிறோம்."

உலர்த்தும் அறையில் அழுத்தத்தை அளக்க இரண்டு மானிகள். பிரானி மானி 0.48 மில்லிபார் காட்டியது. தகட்டு மானி 0.30. எது கெட்டது என்று அவர்களுக்குள் சண்டை. அதற்குள் ரப்பர் வளையங்களையெல்லாம் மாற்றிவிட்டிருந்தார்கள்.

அறையைக் காலி செய்து, துடைத்து, பம்ப்பை ஓட்டச் சொன்னேன். இரண்டும் ஒரே எண்ணுக்கு வந்தன. வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம், எண் ஏறவில்லை. ஆக, லீக் இல்லை. சுளைகளைத் திரும்ப வைத்து இழுத்ததும் எண்கள் மறுபடி பிரிந்தன.

பிரானி மானி அழுத்தத்தை நேராக அறிவதில்லை. 1906இல் மார்செல்லோ பிரானி அமைத்த முறைதான் இன்றும்: சூடான மெல்லிய கம்பி ஒன்று, சுற்றியுள்ள வாயு அதிலிருந்து எவ்வளவு சூட்டைக் கொண்டுபோகிறது என்பதை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடும். அந்தக் கணக்கு நைட்ரஜனுக்கோ காற்றுக்கோ போட்டது. நீராவி அவற்றைவிட அதிகச் சூட்டை எடுத்துச் செல்லும். அறை முழுக்க நீராவி இருந்தால் எண் ஏறக்குறைய 1.6 மடங்காகத் தெரியும். 0.30ஐ 1.6ஆல் பெருக்கிக் காட்டினேன். 0.48. உரிமையாளர் அந்தக் காகிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தகட்டு மானியின் அமைப்பே வேறு. மெல்லிய தகட்டின் ஒரு பக்கம் நிரந்தரமாக அடைத்த வெற்றிடம், மறுபக்கம் அறை. அழுத்தம் தள்ளத் தள்ளத் தகடு வளையும், எதிரிலுள்ள மின்முனைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும், மின்தேக்குதிறனும் மாறும். உள்ளே இருப்பது எந்த வாயு என்பது அதற்குப் பொருட்டே அல்ல.

இந்த வேறுபாட்டைக் கோளாறு என்று ஒதுக்குவது பெரிய இழப்பு. பனி ஆவியாகித் தீரத் தீர அறையில் நீராவி குறையும். பிரானி எண் இறங்கி வந்து மற்றதோடு சேரும். அது சேரும் நேரம்தான் பனி தீர்ந்த நேரம். முன்பு கதவைத் திறந்து ஒரு சுளையைப் பிளந்து பார்ப்பார்களாம். இப்போது திறப்பதில்லை.

குளச்சல் உறுப்பினர்:
மீன் குளிர் அறைகளுக்கு வேலை செய்கிறேன். குளிரூட்டும் வாயுவை நிரப்புமுன் குழாய்களில் வெற்றிடம் இழுத்து ஈரத்தைப் போக்க வேண்டும். தொடக்கத்தில் முள் மானியில் முழு வெற்றிடத்தைக் குறிக்கும் 30 அங்குலக் கோட்டை முள் தொட்டதும் பம்ப்பை நிறுத்திவிடுவேன். அதில் ஓர் அங்குலம் என்பதே 25 மில்லிமீட்டர் பாதரசம்! நமக்கு வேண்டியதோ அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். 30 டிகிரி வெயிலில் தண்ணீர் 32 மில்லிமீட்டரிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும்; ஆனால் குழாயின் ஈரம் முழுதும் வெளியேறிவிட்டதா என்பதை முள் காட்டாது. மழைக்காலத்தில் இப்படி முடித்த ஓர் அறையில் ஈரம் உறைந்து, குளிரூட்டும் திரவம் குறுகிப் பாயும் எக்ஸ்பான்ஷன் வால்வு அடைத்தது. என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். இப்போது மைக்ரான் மானி இல்லாமல் கிளம்புவதில்லை. பம்ப்பை மூடியபின் எண் சிறிது ஏறி நின்றால் ஈரம். நிற்காமல் ஏறினால் லீக். அதன் சென்சாரில் ஆயில் படாமல் மேல்நோக்கி மாட்டுங்கள், நண்பர்களே.

நாகர்கோவில் உறுப்பினர்:
குலசேகரத்து அண்ணன் சொன்னதற்கு நேர்மாறானதைக் கல்லூரி ஆய்வகத்தில் கண்டேன். அது மெக்லியாட் மானி, 1874ஆம் ஆண்டு வடிவமைப்பு. பாதரசத்தை ஏற்றி, சிறிது வாயுவை நுண்குழாயில் நெருக்கி, பாயில் விதிப்படி பழைய அழுத்தத்தைக் கணக்கிட வேண்டும். நெருக்கும்போது நீராவி திரவமாகிவிட்டால் அது கணக்கில் வராது. அழுத்தம் குறைவாகத் தெரியும். ஈரமான குடுவையை மாட்டிவிட்டு அருமையான வெற்றிடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் குடுவையைக் கழற்றி, அடியில் நின்ற துளிகளைக் காட்டினார்.