புதுப்பிப்பு: பேரூராட்சி இணையதளப் பிழைகள், மூன்றில் இரண்டு சரியானது

யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. சென்னைப் புறநகரில் எங்கள் பேரூராட்சித் தளத்தில் மூன்று கோளாறுகள், அவற்றை எப்படிச் சரிசெய்ய வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன்: செயல் அலுவலரின் பழைய தொலைபேசி எண், திறக்காத சொத்து வரி இணைப்பு, எழுத்து உடைந்த குடிநீர் அறிவிப்பு.

முதல்வர் உதவி மைய எண்ணான 1100-ல் மூன்றையும் சேர்த்துச் சொன்னதற்கு, "தளம் இயங்குகிறது" என்று புகாரை முடித்துவிட்டார்கள். பலித்தது பிழைக்கொரு மனு என்ற யோசனைதான்: பக்க முகவரி, தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், இருப்பது என்ன, இருக்க வேண்டியது என்ன. எண்ணுக்கு மட்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(ஆ)-வைச் சேர்த்தேன்; அலுவலர் பட்டியலை வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்வது அதுதான். இரண்டே வாரத்தில் எண் மாறியது.

எதிர்பாராதது அறிவிப்புதான். சர்வர் கோளாறு இல்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றி ஏற்றியதும் சரியானது.

வரி இணைப்பு இன்னும் அந்தத் திறக்காத பழைய பக்கத்துக்கே போகிறது.